உவர் நிலத்தை நான் கழுவிய விதம்

நான் கட்டியவை இவை. நாகமலை புதுக்கோட்டைக்குப் போகிற சாலையில் ஓர் அரிசி மில். திருப்பரங்குன்றத்தில் மூன்று கடை, மூன்றும் ஓட்டுக்கூரை. இருபது வண்டி அவிழ்த்துப் போடக்கூடிய ஒரு வண்டிப்பேட்டை. ஒரு மாடி வீடு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தகப்பன் விட்டுப்போன சொத்து ஒரு மண்வெட்டி, அதற்கும் காம்பு கிடையாது. எந்த இஞ்சினியரையும் கேட்காமல், எந்தக் கொத்தனார் சொன்னதையும் காதில் வாங்காமல் இவ்வளவும் கட்டினேன். மாடிப்படி ஏறி முடிகிற இடத்தில் சுவர் நின்றது என்பது உண்மைதான். ஒரு வருடம் ஏணி வைத்து ஜன்னல் வழியாகத்தான் மாடிக்குப் போனோம். ஆனாலும் கட்டினேன்.

இவையெல்லாம் பிறகு வந்தவை. இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு முந்தைய வருடங்களில் இவற்றையெல்லாம்விடப் பெரிய காரியம் ஒன்று செய்தேன். மூன்று ஏக்கர் உவர் நிலத்தை நெல் வயலாக்கினேன். ஊரில் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் என்னை விட்டுவிட்டுச் சொல்கிறார்கள். அதனால்தான் இந்த வயதில் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

அந்த நிலம் என் மனைவிக்கு அவள் அண்ணன் சீதனமாகக் கொடுத்தது. எங்கள் கண்மாய்ப் பாசனத்தின் கடைசி மடையில், ஓடைக்கரையை ஒட்டிக் கிடந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனது போல வெள்ளையாக இருக்கும். புல் முளைக்காது. வெள்ளாடு உள்ளே வந்தால் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வெளியே போய்விடும். அதை நாடி வந்த ஒரே ஆள், துணி வெளுக்கிற ஓர் அம்மா. கோடையில் இரண்டு கழுதையோடு வந்து, மேலே பூத்திருக்கிற உவர்மண்ணைச் சுரண்டி மூட்டை கட்டிக்கொண்டு போவார். அந்த மண் போட்டு வெள்ளாவி வைத்தால் அழுக்கு நிற்காது.

நிலம் கைக்கு வந்த வாரமே நான் ஒரு சாதனை செய்தேன். மேற்குப் பக்கம் நெடுக, நான்கடி அகலத்தில், இடுப்பளவு ஆழத்தில் ஒரு பள்ளம் ஓடைவரைக்கும் போயிற்று. உள்ளே எருக்கும் கருவேல முள்ளும். எனக்கு அது வீணாய்க் கிடக்கிற இடமாகத் தெரிந்தது. பன்னிரண்டு நாள் மண்ணடித்து மூடினேன். நான்கடி அகலத்துக்கு நிலம் கூடிவிட்டது. யார் கொடுத்தது? நானே சம்பாதித்தது. காப்பிக்கடையில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரிடமும் சொன்னேன்.

மூடுகிற அன்று வரப்பில் ஒருவர் வந்து நின்றார். எங்கள் கண்மாயின் நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பதும் அடைப்பதும், யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைத்து விடுவதும் அவர் குடும்பத்து வேலை. ஊருக்கெல்லாம் தண்ணீர் விட்டவருக்குச் சொந்தமாக ஒரு பாத்தி நிலம் கிடையாது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அன்று நான் அவரை வா, போ என்றுதான் பேசினேன். அன்றைய வழக்கம் அது. எழுதும்போது அப்படி வரவில்லை, அதனால் அவர் என்றே எழுதுகிறேன்.

"ஐயா, இது வடிகாலுங்க. அந்தக் காலத்து ஆளுக வெட்டுனது. மூடாதீக" என்றார்.

"வாய்க்காலுன்னா தண்ணி வரணும்ப்பா. இதுல ஓணான்தான் வருது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நான் மட்டும் நன்றாகச் சிரித்தேன்.

எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அழகர்கோவிலில் மொட்டை போட்டு வந்தோம். காது குத்துகிற பேச்சு வந்தது. எங்கள் வழக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். என் மச்சான் சீரோடு வருவதாகச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் வீட்டில் மொட்டை விருந்து, பந்தியில் நாலு பேர் இருக்கிறபோது இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"விருந்துக்கு அரிசியும் நானே கொண்டாரேன் மாப்ள. அந்த நிலத்துல வெள்ளாவி வைக்கலாம், சோறு பொங்க முடியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். கொடுத்தவரே சிரிக்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது.

"மச்சான், அந்த நிலத்து அரிசியில சோறு பொங்கிப் போட்டுத்தான் எம்புள்ளைக்குக் காது குத்துவேன். அதுவரைக்கும் ஆசாரி என் வாசப்படி ஏறக்கூடாது" என்றேன்.

உள்ளே அடுப்படியில் என் மனைவி ஒரு பாத்திரத்தைக் கீழே வைத்தாள். வைத்த சத்தம் வாசல்வரைக்கும் கேட்டது. அடுத்த வருடமே நெல் வந்துவிடும் என்று நான் நினைத்ததால் அந்தச் சத்தத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உப்பு போக வேண்டுமென்றால் தண்ணீர் கட்ட வேண்டும். அது எனக்கும் தெரியும். முழங்கால் உயரத்துக்கு நாலா பக்கமும் வரப்புப் போட்டேன். கடைசி மடைக்காரனுக்குக் கடைசி முறை. ஐப்பசியில் பகலெல்லாம் மடையிலேயே உட்கார்ந்து, இரண்டு பேரிடம் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டு, தண்ணீரைக் கொண்டுவந்து சேர்த்தேன். நிலம் முழுக்கத் தண்ணீர் நின்றது. நாரையெல்லாம் வந்தது. கரையில் நின்று பார்த்தபோது கண்மாயையே விலைக்கு வாங்கியவன் போல இருந்தேன்.

மூன்றாம் நாள் நீர்பாய்ச்சி வந்தார். "போதுங்க ஐயா. இனி தண்ணிய வெளிய விட்டுருங்க. உப்பு அதோட போயிரும்."

"வெளிய விடுறதா? இந்தத் தண்ணிக்கு நான் பட்ட பாடு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் ஐயா. நான்தான தொறந்து விட்டேன்."

நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து ஆளுக்குத் தண்ணீரை வெளியே விடு என்று சொன்னால் எப்படிக் கேட்கும்? சோற்றுப் பானையைத் தெருவில் கவிழ் என்று சொன்னது போலத்தான் கேட்கும். தண்ணீருக்காக மண்டை உடைத்துக்கொண்ட ஊர் எங்களுடையது. வந்த தண்ணீரைப் போக விட்டவன் என்று ஒருவன்கூட எங்கள் வம்சத்தில் இல்லை. ஓடைக்குக் கீழே யாரிடமோ பேசிவைத்துக்கொண்டு என் தண்ணீரை அங்கே தள்ளப் பார்க்கிறாரோ என்றும் எனக்கு ஒரு சந்தேகம். அதனால் வரப்பை இன்னும் ஒரு சாண் உயர்த்தினேன். எலி வளை ஒன்றில் தண்ணீர் கசிந்தது. அதையும் களிமண் வைத்து அடைத்தேன்.

தண்ணீர் எங்கும் போகவில்லை. வெயில்தான் குடித்தது. மாசியில் பார்த்தால் நிலம் முன்னைவிட வெள்ளை. துணி வெளுக்கிற அம்மா கழுதைகளோடு வந்தார். குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு என்னைக் கும்பிட்டார்.

"எங்க மாமியா காலத்துலகூட இப்பிடி மண்ணு பாத்ததில்லங்கய்யா. ஒரு கை போட்டாப் போதும், வேட்டி கொக்கு மாதிரி ஆயிருது. என்ன பண்ணுனீக?"

"எல்லாம் பக்குவம்தான்" என்றேன். பாராட்டு எந்தப் பக்கமிருந்து வந்தால் என்ன?

அடுத்த வருடம் வரப்பை இடுப்பளவுக்கு உயர்த்தினேன். போன தடவை தண்ணீர் பற்றவில்லை என்பது என் கண்டுபிடிப்பு. பொறுமையில்லாமல் நாற்றையும் நட்டேன். எட்டாம் நாள் நுனி கருகியது, பதினைந்தாம் நாள் அடி கருகியது. மூன்றாம் வருடம் கண்மாய் வண்டலை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து மேலே பரப்பி, உப்பைப் புதைத்துவிட்டதாக ஊருக்கு அறிவித்தேன். அந்த வருடமும் தண்ணீர் கட்டினேன், அந்த வருடமும் வெளியே விடவில்லை. கோடையில் உப்பு வண்டலுக்கு மேலே ஏறிவந்து உட்கார்ந்துகொண்டது. துணி வெளுக்கிற அம்மா இப்போது மூன்று கழுதையோடு வந்தார்.

இதற்குள் என் மகளுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. அவள் வயதுப் பிள்ளைகளெல்லாம் தோடு போட்டிருந்தன. இவள் காதில் நூலைச் சுற்றி ஆவாரம்பூவைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு திரிவாள். பூ வாடினால் அழுவாள். கிணற்றடியில் பெண்கள் என் மனைவியிடம், "ஏத்தா, புள்ளைக்குக் காதுல ஏதும் கொறையா?" என்று கேட்டார்களாம். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் என்னிடம் வந்தாள்.

"சபதம் போட்டது நீங்க. அதச் சொமக்குறது நானும் எம்புள்ளையும். இந்தா பாருங்க, ஏழு வயசு பொறக்குறதுக்குள்ள நெல்லு வரலைன்னா, எங்கண்ணன் வீட்டுல வச்சுக் காது குத்திருவேன். நீங்க வரவேணாம்."

"நான் இல்லாமலா?"

"ஆசாரியும் தாய்மாமனும் இருந்தாப் போதும். அப்பன் மடியில வச்சாக் குத்துறாக?"

அவள் சொன்னால் செய்வாள். என் மகளின் காதுகுத்துக்கு நான் தெருவில் நின்று எட்டிப் பார்ப்பது போல ஒரு காட்சி மனசில் வந்து, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது. சமாதானம் ஆகிவிட்டாள் என்று நினைத்து உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து பெரிய கவளமாக வாயில் வைத்தேன்.

அந்தக் கவளத்தைத் துப்பவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்புட்டு உப்பு.

"கருவாட்டக் கழுவுனியா இல்லையா?"

"கழுவுனேன். நல்லா மூணு தடவ தண்ணி ஊத்தி ஊற வச்சேன்."

"அப்புறம் எப்பிடி இப்பிடி இருக்கு?"

"ஊறுன தண்ணியக் கீழ ஊத்தல. தண்ணி அருமையில்ல? அதுலயே கொதிக்க வச்சு வத்த வச்சுட்டேன். நீங்க நெலத்துல செஞ்ச மாதிரிதான் செஞ்சேன்."

மூன்று வருடம் ஒருவர் வரப்பில் நின்று சொன்னது என் காது வழியாகப் போகவில்லை. நாக்கு வழியாகப் போயிற்று. அந்தச் சோற்றை முழுக்கச் சாப்பிட்டேன். வீம்பு என்றும் சொல்லலாம், தண்டனை என்றும் சொல்லலாம். சாயங்காலம்வரைக்கும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலையில் நீர்பாய்ச்சியின் தெருவுக்கு நானே போனேன். எங்கள் ஆட்கள் அந்தத் தெருவுக்குப் போகிற வழக்கமில்லை. வேலை இருந்தால் முனையில் நின்று கூப்பிடுவார்கள். நான் முனையில்தான் நின்றேன், ஆனால் கூப்பிட வாய் வரவில்லை. அவராகவே பார்த்துவிட்டு வந்தார்.

"தண்ணிய வெளிய விடணும்ப்பா. எது வழியா விடுறது?"

அவர் என் நிலத்துப் பக்கம் கையைக் காட்டினார். "விடுறதுக்கு ஒரு வழி இருந்துச்சுங்க ஐயா. ஓணான் வருதுன்னு மூடிட்டீக."

நான் சம்பாதித்த நான்கடி நிலம் அன்றைக்குப் போயிற்று. அவர் கயிறு பிடித்துக் கோடு போட்டார். நானும் என் மனைவியும் அவரும் வெட்டினோம். பன்னிரண்டு நாளில் மூடியதைத் திறக்க முப்பது நாள் ஆயிற்று. நான் மண்ணை அவ்வளவு நன்றாக மிதித்து இறுக்கியிருந்தேன். "மூடுனது யாரோ, நல்ல வேலக்காரன்" என்று அவர் குனிந்தபடி சொன்னார். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அடுத்தது ஊர்ச் சிக்கல். முறைத் தண்ணீரை வாங்கி நான் ஓடையில் விடப்போகிறேன் என்று தெரிந்ததும் மச்சானே முதல் ஆளாக மடைக்கு வந்துவிட்டார். "மாப்ளைக்குத் தண்ணி கூடிப்போச்சு போல. அம்புட்டுக் கொழுப்புன்னா முறைய எங்களுக்கு விட்டுக் கொடுங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நீர்பாய்ச்சிதான் வழி சொன்னார். கண்மாய் நிறைந்து மறுகால் போகிறபோது அந்தத் தண்ணீர் யார் முறையிலும் சேராது, எப்படியும் ஓடைக்குத்தான் போகும். போகிற வழியில் என் நிலத்தைச் சுற்றிவிட்டுப் போகட்டும்.

அந்தக் கார்த்திகையில் மழை அடித்து ஊற்றியது. கண்மாய் நிறைந்தது. மறுகால் தண்ணீர் என் நிலத்துக்கு வந்தது. உழுது சேறாக்கி, மூன்று நாள் நிறுத்தி, நாலாம் நாள் வடிகால் பக்கம் வரப்பை வெட்டச் சொன்னார் நீர்பாய்ச்சி. மண்வெட்டியை ஓங்கினேன். கை இறங்கவில்லை. நிறைந்து நிற்கிற தண்ணீர். கடைசி மடை. என் தகப்பன் பார்த்திருந்தால் என்னை வெட்டியிருப்பார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன். தண்ணீர் குதித்து ஓடியது. ஓடுகிறதைப் பார்க்கப் பொறுக்காமல், அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் ஒரு மண்கட்டியை எடுத்து, வரப்பில் வெட்டிய இடத்தில் வைத்துப் பாதி அடைத்தேன். அவர் காலால் தள்ளிவிட்டார். மறுபடி வைத்தேன். மறுபடி தள்ளினார்.

பிறகு குனிந்து, ஓடுகிற தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, என்னையும் பார்க்கச் சொன்னார். கரித்தது. என் மனைவி வைத்த குழம்பு அளவுக்கு இல்லை, இருந்தாலும் கரித்தது. ஐந்து தடவை தண்ணீர் கட்டி ஐந்து தடவை விட்டோம். ஒவ்வொரு தடவையும் நான் விரலில் தொட்டுப் பார்ப்பதோடு நிற்காமல் கையில் ஏந்திக் குடித்தேன். சந்தேகப் பிராணி. இரண்டு வாரம் வயிற்றுப்போக்கு. ஐந்தாவது தண்ணீர் நாக்கில் ஒட்டவில்லை.

ஆனாலும் நான் நம்பவில்லை. தண்ணீர் கரிக்காவிட்டால் நிலம் நல்லதென்று அர்த்தமா? பங்குனியில் துணி வெளுக்கிற அம்மா வந்து மண் அள்ளிக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் திரும்பி வந்து, வரப்பிலேயே மூட்டையைத் தொப்பென்று போட்டார்.

"என்னங்கய்யா மண்ணுல கலந்தீக? மூணு கை போட்டும் அழுக்கு நவுர மாட்டேங்குது. ஒரு கல்யாண வீட்டு வேட்டி அம்புட்டும் பழுப்பு. நல்லா இருந்த மண்ணக் கெடுத்துட்டீகளே."

என் வாழ்க்கையில் நான் வாங்கிய வசவுகளில் இவ்வளவு இனித்தது வேறு இல்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்து இரண்டடி பின்னால் போனார். வீட்டுக்கு ஓடி, "மண்ணு கெட்டுப்போச்சாம்" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த முறத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "அந்தம்மா பொழப்பு என்னாகும்?" என்று கேட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லை. தண்ணீர் ஏறாத கிழக்கு மேட்டில் ஒரு மூலையைக் கழுவாமல் அவருக்கென்று விட்டோம்.

உரத்துக்குக் கொழுஞ்சித் தழையும் எருக்கிலையும் கொண்டுவந்து மிதித்து, உவரைத் தாங்குகிற சிவப்பு நெல்லாகப் பார்த்து நட்டோம். தையில் அறுத்தோம். அமோக விளைச்சல் என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். மேல்மடை வயலில் விளைவதில் பாதிதான். ஆனால் நெல். குத்தினால் அரிசி வந்தது. பொங்கினால் சோறு ஆயிற்று.

மகளுக்கு ஏழு வயது பிறக்க ஒரு மாதம் இருந்தபோது காது குத்தினோம். மச்சான் அவளை மடியில் வைத்துக்கொண்டார். நாலு வயதில் பூவுக்கு அழுதவள் ஆசாரி ஊசிக்கு அழவில்லை. பந்தியில் மச்சான் ஒரு கவளம் அள்ளி, எல்லாரும் பார்க்கிற மாதிரி மெதுவாக மென்றார்.

"சோத்துல உப்பு போட்டுப் பொங்குனீகளா மாப்ள, இல்ல நெலத்துலயே போட்டதா?" என்றார். பிறகு குரலை இறக்கி, "நல்லாத்தான் இருக்கு. எந்தங்கச்சி கெட்டிக்காரி. அந்த நீர்பாய்ச்சி இல்லேன்னா இந்தச் சோறு ஏது?" என்றார்.

ஊர் ஆமாம் என்றது. அன்றிலிருந்து கதை அப்படியே நிலைத்துவிட்டது. மனைவியின் கெட்டிக்காரத்தனம், நீர்பாய்ச்சியின் வடிகால், மறுகால் மழை. என் பேரப்பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் இடமே இல்லை.

அது அநியாயம். என் பங்கை எழுதுங்கள். அந்த வடிகாலை மூடியவன் நான். மூன்று வருடம் உப்பை வெளியே விடாமல் காவல் காத்தவன் நான். ஐந்து தண்ணீரையும் குடித்துப் பார்த்தவன் நான். அன்றைக்குப் பந்தியில் அவர் பெயரை எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தபோது அவருக்கு இலை போட்டது மாட்டுக்கொட்டகையில். உள்ளே வா என்று ஒரு வார்த்தை கூப்பிட எனக்கு வாய் இருந்தது, வீடும் என்னுடையது. கூப்பிடாதவனும் நான்தான். அந்தச் சோறு விளைந்த கதையைச் சொல்கிறவர்கள் இதில் ஒன்றைக்கூட விடாமல், என் பெயரைப் போட்டுச் சொல்ல வேண்டும்.